யார் ஜெயித்தார் என்று கேட்பதற்கு முன் ஒரு பென்சில்

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு ஓட்டலின் கூட்ட அறை. அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக ஆசைப்படுபவர்களின் விவாதம் அன்றைக்கு டிவியில். குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடும் பழக்கமுள்ள உள்ளூர்க்காரர்கள் சிலரை வரவழைத்து உட்கார வைத்திருந்தோம். ஆளுக்கு ஒரு டயல்: உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, நடுவில் ஒரு குமிழ், 0 முதல் 100 வரை எண்கள். எல்லோரும் 50-இல் தொடங்க வேண்டும். பேசுவது பிடித்தால் வலப்பக்கம், எரிச்சலாக இருந்தால் இடப்பக்கம் திருக வேண்டும். பக்கத்து அறையில் நான் உட்கார்ந்திருந்தேன். என் திரையில் எல்லோருடைய சராசரியும் ஒரு கோடாக நெளிந்துகொண்டிருந்தது.

என் பிழைப்பு இதுதான். சோப்பு விளம்பரம், இருமல் மருந்து விளம்பரம், இன்சூரன்ஸ் விளம்பரம் என்று பார்ப்பவர்களின் மனதை அளந்து சொல்லும் கம்பெனிகளில் பதினைந்து வருடத்துக்கும் மேலாக வேலை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை அரசியல் விவாதங்களும் இந்த மேசைக்கு வரும். சோப்பை அளப்பதைவிட இது கஷ்டம். சோப்பைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் காரணம் கிடையாது.

அன்றைக்கு மார்கோ ரூபியோதான் எல்லோருடைய கவனத்திலும் இருந்தார். ஐந்து நாள் முன்பு அயோவா மாநிலத்தில் கட்சிக்குள் நடந்த ஓட்டெடுப்பில் நல்ல மூன்றாமிடம் வாங்கி ஏறுமுகத்தில் வந்திருந்தார். விவாதத்தில் அவர் ஒரு வசனம் பேசினார்: ஒபாமாவுக்குத் தான் செய்வது என்னவென்று தெரியவில்லை என்ற கட்டுக்கதையை விடுங்கள், அவருக்கு நன்றாகவே தெரியும் என்று. என் திரையில் கோடு ஏறியது. கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி சொன்னார். கோடு மறுபடியும் ஏறியது, யாரும் முகம் சுளிக்கவில்லை. அப்போதுதான் மேடையில் இருந்த இன்னொரு போட்டியாளர் கிறிஸ் கிறிஸ்டி குறுக்கே புகுந்து, மனப்பாடம் பண்ணிய 25 நொடிப் பேச்சு இது, பாருங்கள் என்று கையைக் காட்டினார். ரூபியோ என்ன செய்தார் தெரியுமா? அதே வசனத்தை இன்னொரு தடவை சொன்னார். கிறிஸ்டி, "இதோ வந்துவிட்டது!" என்றார். அறையில் சிரிப்பு வெடித்தது. கோடு தொப்பென்று விழுந்தது.

இரண்டு தடவை பிடித்த அதே வாக்கியம், ஒருவர் சுட்டிக்காட்டியதும் மூன்றாம் தடவை கேலிக்கூத்தாகிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் அதற்குப் பிறகு நடந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நிகழ்ச்சி முடிந்ததும் யாரும் பேசக்கூடாது. முதலில் ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். தோன்றியதை எழுதிக் கொடுத்த பிறகுதான் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தன் தாளில் எழுதியிருந்தார்: "ரூபியோ நன்றாகத் தயாராகி வந்திருக்கிறார். நம்பிக்கை வருகிறது." பேச்சு ஆரம்பித்தது. முதலில் பேசியவர் 'ரோபோ' என்றார். இரண்டாமவர் தலையாட்டினார். நாலாவது ஆளாக அந்த ஆசிரியையின் முறை வந்தபோது, "ஆரம்பத்திலேயே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, மனப்பாடப் பையன்" என்றார். கூட்டம் கலைந்ததும் அவருடைய தாளையே அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். "கையெழுத்து என்னுடையதுதான்," என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்கு முன் என்ன நினைத்தோம் என்பதே அவருக்கு மாறிப்போயிருந்தது. (மூன்று நாள் கழித்து நடந்த வாக்குப்பதிவில் ரூபியோவுக்கு ஐந்தாமிடம்.)

அன்றைக்கு நடந்தது பிரைமரி விவாதம். பிரைமரி என்பது ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உள்தேர்தல். இரண்டு கட்சி வேட்பாளர்கள் மோதும் கடைசி விவாதத்தில் பார்ப்பவருக்குப் பிடிமானம் இருக்கிறது. நம் ஆள் உளறினாலும் நம் ஆள்தான். அங்கே கோடுகள் பெரிதாக நெளியாது. பிரைமரியில் மேடையில் நிற்கும் எட்டுப் பேரும் நம்மவர்கள். கொள்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வைத்து முடிவு செய்வது? குரல், முகம், கைதட்டல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, "இவர் எதிர்க்கட்சிக்காரரை ஜெயிப்பாரா?" என்ற கணக்கு.

இந்தக் கணக்குதான் எல்லாவற்றையும் குழப்புகிறது. 2019-20இல் ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் பேசும்போதெல்லாம் இதைப் பார்த்தேன். "யாரைப் பிடித்தது?" என்று கேட்டால், பிடித்தவர் பெயரைச் சொல்லிவிட்டு உடனே, "ஆனால் விஸ்கான்சின்காரர்கள் இவருக்குப் போட மாட்டார்கள்" என்பார்கள். எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம் அது. சொன்னவர் விஸ்கான்சினுக்குப் போனதே இல்லை. தன் மனதுக்குப் பட்டதைக் கேட்டால், பார்த்தேயிராத ஒருவர் மனதில் என்ன இருக்கும் என்று ஊகித்துச் சொல்கிறார். அந்த ஊரில் கேட்டால் அவர்கள் இன்னொரு ஊரைக் கை காட்டுவார்கள்.

கைதட்டல் விஷயத்துக்கு வருகிறேன். 2012 ஜனவரி 19, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன். குடியரசுக் கட்சி பிரைமரியில் நின்ற நியூட் கிங்ரிச்சிடம் அவருடைய முன்னாள் மனைவி சொன்ன குற்றச்சாட்டு பற்றி விவாதத்தின் முதல் கேள்வியே வந்தது. அவர் பதில் சொல்வதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டவரையும் ஊடகங்களையும் வெளுத்து வாங்கினார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. இரண்டு நாளில் அந்த மாநிலத்தை 40 சதவீதம் வாங்கி ஜெயித்தார். மறுபடி இரண்டு நாள் கழித்து ஃபுளோரிடாவின் டாம்பாவில் அடுத்த விவாதம். அங்கே நெறியாளர் பிரையன் வில்லியம்ஸ் பார்வையாளர்களிடம் கைதட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதே கிங்ரிச்சின் பேச்சு அன்றைக்குச் சோடையாகத் தெரிந்தது. மறுநாள் அவரே டிவியில், கூட்டத்தை வாயைக் கட்டி உட்கார வைக்கும் விவாதத்துக்கு இனி வரமாட்டேன் என்று கோபப்பட்டார். ஃபுளோரிடாவில் போட்டியாளர் மிட் ராம்னி அவரை 46-க்கு 32 என்று தோற்கடித்தார். அதற்கு ராம்னி தரப்பு கொட்டிய விளம்பரப் பணமும் முக்கியக் காரணம், கைதட்டல் மட்டும் இல்லை. ஆனால் தன் சரக்கு எதில் இருக்கிறது என்பது கிங்ரிச்சுக்குத் தெரிந்திருந்தது, பாருங்கள்.

இதை ஆய்வாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். அதிபர் ரேகனும் எதிர்த்து நின்ற மாண்டேலும் 1984 தேர்தலில் மோதிய விவாதத்தில் ரேகன் தன் வயதைப் பற்றி அடித்த ஜோக் உலகப் பிரசித்தம். அந்தப் பதிவில் ஜோக்கை அப்படியே வைத்து, அதற்கு அரங்கத்தில் எழுந்த சிரிப்பை மட்டும் வெட்டிவிட்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ரேகனுக்குக் கிடைத்த மதிப்பெண் சரிந்தது. பிரிட்டனில் 2010 பொதுத்தேர்தலின்போது இன்னொரு சோதனை. 150 பேர். விவாதத்தை நேரலையாகப் பார்க்கும்போது திரையின் அடியில் ஓடும் 'மக்கள் கருத்து'க் கோட்டை ஆய்வாளர்களே பொய்யாக ஓட்டினார்கள். பாதிப் பேருக்குப் பிரதமர் பிரவுன் பக்கம், பாதிப் பேருக்கு இன்னொரு கட்சித் தலைவர் கிளெக் பக்கம். கோடு யார் பக்கம் சாய்ந்ததோ, அவரே ஜெயித்ததாகச் சொன்னவர்கள் அந்த அறையில் கூடினார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, என் திரையில் ஓடும் கோட்டை டிவியில் பொதுமக்களுக்குக் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. அது சமையலறைச் சமாச்சாரம், பந்திக்கு வரக்கூடாது.

என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. 2019 ஜூன் 27, வியாழக்கிழமை. மயாமியில் ஜனநாயகக் கட்சியின் முதல் விவாதத்தின் இரண்டாம் நாள். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த என் மாமனார் சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து பார்த்தார். கமலா ஹாரிஸின் தாத்தா கோபாலன் மன்னார்குடிக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரத்துக்காரர். அது மாமாவுக்குத் தெரியும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே அவருக்கு டயல் 50-இல் இல்லை. ஹாரிஸ் பைடன் பக்கம் திரும்பி, நீங்கள் இனவெறியர் என்று நான் நம்பவில்லை என்று தொடங்கினார். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையர் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்க பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய திட்டத்தைப் பைடன் அந்தக் காலத்தில் எதிர்த்ததைக் கேட்டார். கலிஃபோர்னியாவில் அப்படித் தினமும் பஸ்ஸில் போன ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லி, "அந்தச் சின்னப் பெண் நான்தான்" என்று முடித்தார். பைடன் தடுமாறி ஏதோ விளக்கம் சொல்லிவிட்டு, என் நேரம் முடிந்துவிட்டது, மன்னியுங்கள் என்று நிறுத்திக்கொண்டார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு ஜெயிச்சுட்டா போலருக்கே?" என்றார் மாமா.

"எதனால மாமா?"

"அது என்ன பேசுதுன்னு எனக்குப் புரியல. அவரு மூஞ்சியப் பாத்தியா, வாடிப் போச்சு."

இவ்வளவு சுத்தமான பதிலை என் தொழிலில் நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். புரியாததைப் புரியவில்லை என்றார், பார்த்ததைப் பார்த்தேன் என்றார். மறுநாள் சாயங்காலம் ஊருக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தவர், அமெரிக்கப் பள்ளிக்கூட பஸ் வரலாற்றை ஒரு வக்கீலைப் போல எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். "அப்பவே பிடிச்சுட்டேன், பைடன் அந்த இடத்துல மாட்டிக்குவார்னு." இடையில் நடந்தது, காலையில் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த வீடியோக்கள். ஆசிரியைக்கு நடந்தது இவருக்கும் நடந்திருந்தது. அவருக்கு மேசை, இவருக்கு போன்.

ஹாரிஸின் செல்வாக்கு அடுத்த சில நாள் கருத்துக்கணிப்புகளில் விறுவிறுவென்று ஏறியது. இலையுதிர் காலத்துக்குள் வந்த வழியே இறங்கியது. டிசம்பர் 3 அன்று போட்டியிலிருந்தே விலகிவிட்டார். அந்த இரவில் பார்த்தவர்களுக்கு ஏற்பட்ட உணர்வு உண்மைதான். ஆனால் ஓட்டுச்சீட்டு வரை தாக்குப்பிடிக்கும் உணர்வா என்பது வேறு கேள்வி.

நாங்களும் ஏமாந்திருக்கிறோம், அதையும் சொல்ல வேண்டும். 2015 ஆகஸ்ட் 6, கிளீவ்லாந்தில் நடந்த குடியரசுக் கட்சி விவாதத்தை 2.4 கோடிப் பேர் பார்த்தார்கள். அன்றிரவு டிவியில் காட்டிய ஆய்வுக் குழுவில் பலர் டிரம்ப் மேல் வைத்திருந்த அபிப்பிராயம் இறங்கிவிட்டது என்றார்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் கிளிக் செய்யக்கூடிய வாக்கெடுப்புகளில் அவரே அமோகமாக ஜெயித்தார். கிளிக் வாக்கெடுப்பு குப்பை என்று நாங்கள் எல்லோரும் பாடம் எடுத்தோம். குப்பைதான், இப்போதும் அப்படியே சொல்வேன். ஒரே ஆள் நாலு தடவை கிளிக் பண்ணலாம். ஆனால் டிரம்பின் ஆதரவு சரியவில்லை. ஒரு அறையில் விளக்கு வெளிச்சத்தில், கேமரா முன்னால், அந்நியர்கள் நடுவே ஒருவர் சொல்லும் அபிப்பிராயத்தை நாட்டின் அபிப்பிராயம் என்று எடுத்துக்கொண்டது எங்கள் தப்பு.

'ஜெயித்தார்' என்ற சொல்லையே நான் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். 2023 ஆகஸ்ட் 23, மில்வாக்கி. குடியரசுக் கட்சியின் பிரைமரி விவாதம், டிரம்ப் வராத மேடையில் எட்டுப் பேர். பார்த்தவர்களிடம் இப்சோஸ் நிறுவனம் எடுத்த கணிப்பில் யார் சிறப்பாகச் செய்தார் என்பதற்கு டிசாண்டிஸ் 29, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான விவேக் ராமசாமி 26, நிக்கி ஹேலி 15 சதவீதம். விவேக் கிட்டத்தட்ட முதலிடம். அதே கணிப்பில் அவரைப் பிடிக்கவில்லை என்றவர்களும் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தார்கள். மூன்றாமிடத்து ஹேலிக்கோ, ஓட்டுப் போடலாமா என்று யோசிப்பவர்கள் கணிசமாக ஏறினார்கள். சாமர்த்தியமாகப் பேசினார் என்று மார்க் போடுவதும், அந்த ஆளுக்குச் சாவியைக் கொடுப்பதும் ஒன்றல்ல. கேள்வியை மாற்றினால் ஜெயித்தவர் மாறுகிறார். ஆகவே அடுத்த தடவை ஒரு கணிப்பைப் பார்க்கும்போது எண்ணுக்கு முன்னால் கேள்வியைப் படியுங்கள். யாரிடம் கேட்டார்கள், விவாதத்தைப் பார்த்தவர்களிடமா, கேள்விப்பட்டவர்களிடமா என்று தேடுங்கள். விவாதத்துக்கு முன்னாலும் அதே ஆட்களிடம் கேட்டிருந்தால் அந்தக் கணிப்புக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ரொம்பச் சின்ன விஷயம். நான் செய்கிறேன். பத்து நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு முகங்களை மட்டும் பார்ப்பேன். அப்புறம் பத்து நிமிடம் திரைக்கு முதுகைக் காட்டி, பாத்திரம் தேய்த்துக்கொண்டே குரலை மட்டும் கேட்பேன். இரண்டிலும் வேறு வேறு ஆள் பிடித்துப்போவதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வரும். முடிந்ததும் போனைத் தொடுவதற்கு முன், மளிகை லிஸ்ட்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி: யார் சொன்ன எது நினைவில் நிற்கிறது, ஏன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் அந்த ஆசிரியை கண்ணாடியைத் துடைத்த மாதிரி நானும் துடைக்க வேண்டியிருக்கும்.

மில்வாக்கி விவாதம் இங்கே இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியபோது மன்னார்குடியில் காலை ஆறரை. நம்ம பக்கத்துப் பையன் பேசுகிறான் என்று மாமா எழுந்து காபியோடு உட்கார்ந்துவிட்டார். முடிந்த கையோடு போன் செய்தேன்.

"யாரு மாமா ஜெயிச்சா?"

"இரும்மா," என்றார். "இன்னும் வாட்ஸ்அப் பாக்கல."