எத்னோகிராஃபி: இனவரைவியலா, இனவரைவா?

எத்னோஸ் என்றால் கிரேக்கத்தில் மக்கள் கூட்டம்; கிராஃபைன் என்றால் எழுதுவது. இரண்டையும் ஒட்டி எத்னோகிராஃபி என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிஞர்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்க்கையை நேரில் பார்த்து எழுதும் இந்த ஆய்வைத் தமிழில் இனவரைவியல் என்கிறோம்.

எனக்கு அந்த ‘இயல்’ மேல் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. மூலச்சொல் ஆய்வுமுறையையும் குறிக்கும், ஆய்வாளர் எழுதி முடித்த நூலையும் குறிக்கும். முறைக்கு இனவரைவியல் சரி. நீலகிரித் தோடர்களைப் பற்றி ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலை ‘ஓர் இனவரைவியல்’ என்றால் நெருடுகிறது. இனவரைவு என்றாலே போதுமே.

‘இயல்’ என்ற ஒட்டு இந்தத் துறையின் பழைய ஆசை ஒன்றை நினைவூட்டுகிறது: இதுவும் அறிவியலாக வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். கல்யாணச் சடங்கைச் சொல்லிக்கொண்டே போய், தலையின் நீளமும் மூக்கின் அகலமும் என்று அளவு கொடுத்திருப்பார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். ரிஸ்லி போன்ற ஆங்கிலேய ஆட்சி அதிகாரிகள் அந்த எண்ணைச் சாதி அந்தஸ்தோடு முடிச்சுப் போட்டார்கள்.

அடுத்து வந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி அளவுகோலைக் கீழே வைத்தார். அறிவியல் ஆசையை வைக்கவில்லை. 1915 முதல் 1918 வரை இரண்டு தடவை நியூகினிக்குப் பக்கத்தில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளுக்குப் போய், ஊருக்குள்ளேயே கூடாரம் அடித்து, தீவுக்காரர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டார். 1922இல் வந்த நூலின் முன்னுரையில், இயற்பியல், வேதியியல் சோதனைகளில் ஏற்பாடுகளை விவரமாகச் சொல்வதுபோல இங்கேயும் சொல்ல வேண்டும் என்றார். அப்புறம், அவர் இறந்து 25 ஆண்டு கழித்து, 1967இல் அவருடைய நாட்குறிப்பு அச்சாயிற்று. அதில் தனிமை, உடம்பு பற்றிய கவலை, தீவுக்காரர்கள் மேல் எரிச்சல், கடுஞ்சொல். நூலில் இருந்த நிதானமான பார்வையாளர் அங்கே இல்லை.

‘கிராஃபி’ பக்கம், அதாவது எழுத்தின் பக்கம் கவனம் முழுசாகத் திரும்பியது அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேம்ஸ் கிளிஃபோர்டும் ஜார்ஜ் மார்கஸும் 1986இல் தொகுத்த கட்டுரைகளில். யார் எழுதுகிறார், யார் குரல் கேட்கிறது, ‘நான்’ எங்கே ஒளிந்துகொள்கிறது என்ற கேள்விகள் அவை. நானே எழுதிய உதாரணம் ஒன்று: “இவர்கள் மழைக்காக ஆடு பலியிடுவார்கள்.” இதையே, “அந்த வருஷம் மழை பொய்த்தது. நான்கு வீட்டார் ஆடு வெட்டினார்கள், ஐந்தாம் வீட்டார் மறுத்துவிட்டார்கள். எனக்குச் சொன்னவர் பூசாரி” என்று எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் காலமும் இல்லை, சொன்னவரும் இல்லை, மறுத்த வீடும் இல்லை. ‘பலியிடுவார்கள்’ என்ற வினைமுற்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இந்த விமர்சனத்துக்குத் தமிழ்ச்சொல் தோதாகவே இருக்கிறது. வரைதல் எழுதுவது மட்டுமல்ல, கோடு கிழிப்பதும்தான். ‘வரை’ என்றால் எல்லையும்கூட. (சங்க அகப்பாட்டில் வரைவு என்றால் கல்யாணம், அது வேறு கதை.) சொல்லில் இடிப்பது ‘இனம்’ என்ற முன்பாதிதான். ‘இனம்’ என்றதும் பலருக்கு ரத்தமும் நிறமும் ஞாபகம் வருகிறது. அதனால் சிலர் இனக்குழுவரைவியல் என்கிறார்கள். மக்கள்வரைவியல் என்றால் மக்கள்தொகையியலோடு குழம்பும்.

ஆய்வாளர் தன் வாழ்க்கையையே களமாக்கி எழுதும் ஆட்டோ-எத்னோகிராஃபிக்கு, நான் இப்போதைக்குத் தன்னினவரைவு என்று எழுதி வருகிறேன்.