லெனேசியாவில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது

மறுபடியும் அதே கேஸ். வீட்டில் பீர் காய்ச்சும் எலெக்ட்ரிக் பாய்லரைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். "அண்ணே, சென்சார் போச்சு. சாட்ஸ்வர்த் மாமாகிட்டயும் இதே மெஷின்தான். கொதிச்சா 100 காட்டுது. என்னுது 94-லயே நிக்குது. கேலிப்ரேஷன்ல 6 டிகிரி கூட்டி வச்சேன், இப்ப பீர் தண்ணி மாதிரி வருது."

சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை. அது சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது, பாவம்.

சாட்ஸ்வர்த் இருக்கும் டர்பன் கடலோரம். நம் லெனேசியா இருக்கும் ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் இறங்கும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. டர்பனில் 100, பிரிட்டோரியாவில் 95 சொச்சம், நமக்கு 94 சொச்சம். வாட்டைக் கூட்டினால் ஆவிதான் கூடும், டிகிரி கூடாது. திறந்த பாத்திரத்தில் இங்கே பருப்பு வேக ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். கொதிக்கும் தண்ணீரை 100 என்று வைத்துக் கேலிப்ரேட் செய்வது கடலோரத்துக்காரர்களுக்குச் சரி. இங்கே அப்படிச் செய்தால் நல்ல மெஷினை நாமே கெடுக்கிறோம்.

மாஷ் என்றால் மால்ட்டை, அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லியை, சூடான தண்ணீரில் ஊறவைப்பது. 6 டிகிரி கூட்டியபின் திரையில் 66 என்றால் உள்ளே மால்ட் கிடப்பது 60-ல். அந்தச் சூட்டில் மாவுச்சத்து முழுதாக இளகாது. உருவாகும் சர்க்கரையிலும் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும். பீர் சப்பென்று, சில சமயம் கலங்கலாக வரும்.

சரி, என்ன செய்வது? நல்ல கைத் தெர்மாமீட்டர் ஒன்றை முதலில் சோதியுங்கள். ஐஸை நன்றாக நொறுக்கி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். அதில் 0 காட்ட வேண்டும், எந்த ஊரானாலும். தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி மிதப்பது கணக்கில் வராது. அப்புறம் பாய்லரில் வெறும் தண்ணீரை 66-க்குச் சூடாக்கி, பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, நடுவில் அளந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் சென்சார் அடியில், ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். பம்ப் ஓடாமல் அளந்தால் பொய்க் கணக்குதான் வரும். வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் திருத்துங்கள். மாஷுக்கு முக்கியம் 66; கொதிநிலை அல்ல. அகச்சிவப்புத் துப்பாக்கியால் பளபளக்கும் ஸ்டீலைச் சுட்டு அளக்காதீர்கள், அது தப்பாகத்தான் காட்டும்.

சில மாடல்களில் குறித்த சூடு வந்தால்தான் கொதி டைமர் ஓடும். 100 என்று வைத்துவிட்டுக் காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும். 93 என்று வையுங்கள். பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு இந்தச் சூட்டில் மெதுவாகத்தான் இறங்கும், கொஞ்சம் கூடுதல் நேரம் கொதிக்கவிடுங்கள்.

இன்னொன்று, கையெடுத்துக் கேட்கிறேன். பல மெஷின்கள் 2,000 வாட்டுக்கு மேல் இழுப்பவை. மல்டிபிளக்கில் செருகாதீர்கள், சுவர் பிளக்கில் நேராகப் போடுங்கள். எர்த் லீக்கேஜ் (மின்கசிவு இருந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழுகிறது என்று அதைத் தாண்டி வயர் இழுத்துக்கொள்ளவே கூடாது. அது விழுந்தால் காய்ச்சுவதை அங்கேயே நிறுத்திவிட்டு மெஷினை எடுத்து வாருங்கள்.