ஆட்டோகிளேவ்: இதுக்குத் தமிழ்ல என்ன?

விமான இறக்கைய கார்பன் ஃபைபர்ல எப்படிப் பண்றாங்கன்னு படிக்கப் போனா முதல் பாராவுலயே இந்த வார்த்தை வந்து நிக்கும். ஆஸ்பத்திரில கத்தரி, கத்தியெல்லாம் கிருமி நீக்குற பெட்டிக்கும் இதே பேர்தான், அந்தப் பேர்ல லாரியே உள்ள போற மாதிரி ஒரு இரும்பு உருளை விமான ஃபேக்டரில எதுக்குன்னு எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

சொல்லு பிரெஞ்சு வழியா வந்தது. 'ஆட்டோ' கிரேக்கம், தானே. 'கிளாவிஸ்' லத்தீன், சாவி. (ஆமா, ரெண்டு மொழிய ஒட்டுப்போட்ட சொல்லுதான்.) தானே பூட்டிக்கிறது. உள்பக்கமா மூடி மாட்டுற குக்கர் பாத்திருப்பீங்கல்ல, அழுத்தம் ஏற ஏற மூடி விளிம்போட இன்னும் இறுகும், அதே கதைதான். 1679ல டெனி பாப்பன் பண்ண நீராவிப் பாத்திரம்தான் இதுக்குப் பாட்டன், 1879ல சார்ல்ஸ் சாம்பர்லாண்ட் அதைக் கிருமி நீக்கக் கொண்டுவந்தாரு.

விமானத்துல வேலை வேற. ரெசின் (சூட்டுல இறுகுற பிசின்) ஊறின கார்பன் துணிய (ப்ரீப்ரெக்ம்பாங்க) அச்சு மேல அடுக்கடுக்கா போட்டு, பிளாஸ்டிக் பையால மூடி காத்த உறிஞ்சி எடுத்துட்டு உள்ள தள்ளுவாங்க, சுமார் 180 டிகிரி செல்சியஸ், 7 பார் (1 பார்னா நம்மைச் சுத்தி இருக்குற காத்தோட அழுத்தம் அளவு), பல மணி நேரம். வெறும் வாக்யூம்னா 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும், அது பத்தலன்னா அடுக்குக்கு நடுவுல குமிழி தங்கிடும், தங்குன இடத்துல பின்னாடி அடுக்கு பிரியும். 7 பார்ல அழுத்துனா குமிழி நசுங்கி ரெசின்லயே கரைஞ்சிடும். எடைக்கணக்குல பாதி காம்போசிட்டான (இழையும் ரெசினும் சேந்து இறுகின பொருள்) போயிங் 787 உடம்பு இப்படி வெந்ததுதான்.

இப்ப தமிழுக்கு வருவோம். 'நீராவி'ன்னு ஆரம்பிக்கிற எந்தப் பேரும் இங்க ஒத்துவராது, ஏன்னா உள்ள பெரும்பாலும் நைட்ரஜன்தான், அவ்ளோ சூட்டுல அழுத்தமான காத்து இருந்தா தீப்பிடிக்கலாம். 'அழுத்தக்கலன்'னா கேஸ் சிலிண்டரும் அதுக்குள்ள வந்துடும். என் ஓட்டு 'அழுத்தச்சூளை'க்கு. சூளைல வெந்த மண்ணு திரும்பக் களிமண் ஆகாது, எபாக்சி ரெசினும் ஒருதடவ இறுகிட்டா திரும்ப உருகாது. 'பூட்டு' போச்சேன்னு கேப்பீங்க, போகட்டும், அது மூடியப் பத்தின சங்கதி.

ஒரே சிக்கல், 'அவுட் ஆஃப் ஆட்டோகிளேவ்'னு (ஆட்டோகிளேவ் இல்லாமலே பண்றது) ஒரு முறை இருக்கு, ரஷ்யாவோட எம்சி-21 பயணிகள் விமான இறக்கை அப்படித்தான் பண்றாங்க. அதைச் சுருக்கி 'சூளையில்லா முறை'ன்னு எழுதிடாதீங்க. அதுலயும் சூடு உண்டு, இல்லாதது அந்தக் கூடுதல் அழுத்தம்தான்.