கிரையோவால்கேனோ: எரியாத மலைக்கு ‘எரி’ எதற்கு?

விண்வெளியின் உறைகுளிர் உலகங்களில் இருக்கும் ‘கிரையோவால்கேனோ’வைத் தமிழில் ‘பனி எரிமலை’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே எரிவது எதுவும் இல்லை. உருகிய பாறைக்குப் பதிலாக உப்பு நீரும் சேறும் பனிக்கட்டிக் குழைவும் மேலே வந்து உறைகின்றன.

மூலச்சொல்லும் முரண்தான். ‘கிரையோஸ்’ கிரேக்க மொழியில் கடுங்குளிர். ‘வால்கேனோ’, ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கனின் பெயரிலிருந்து, சிசிலிக்கு அருகிலுள்ள வல்கானோ தீவின் வழியாக வந்தது. ஐரோப்பியர் காதில் வல்கன் எப்போதோ தேய்ந்துவிட்டார். நமக்கோ அடுப்பு எரிகிறது, வயிறு எரிகிறது; ‘எரி’ தினமும் புழங்கும் வினை. முரண் நமக்குத்தான் உறைக்கிறது.

செரஸ் குறுங்கோளில் உள்ள அகுனா மலையைப் பாருங்கள். நாசாவின் டான் விண்கலம் 2015இல் படமெடுத்தது. உயரம் சுமார் 4 கி.மீ., அடி அகலம் சுமார் 17 கி.மீ. பக்கங்களில் வெள்ளைக் கோடுகள். அவற்றில் இருப்பது சோடியம் கார்பனேட், நம் வீட்டுச் சலவைச் சோடாவின் வேதிப்பொருள். உள்ளிருந்து வந்த உப்புச் சேறு குவிந்து உறைந்ததன் தடயம் அது. செரஸ் ரோமானிய வேளாண் தெய்வம். அதனால் அங்கே அறுவடை விழாக்களின் பெயர்கள். அகுனா, நாகாலாந்தின் சுமி நாகர்களின் விழா. பள்ளத் தொடர் ஒன்றுக்குப் ‘பொங்கல்’ என்றே பெயர்.

புளூட்டோவின் ரைட் மலை இன்னும் பெரியது, சுமார் 150 கி.மீ. அகலம். தரையின் குளிர் மைனஸ் 230 டிகிரி செல்சியஸ். அங்கே தூய நீர் பாறைக்குச் சமம். அம்மோனியா கலந்தால் மைனஸ் 97 டிகிரி வரைகூட நீர் உறையாமல் இருக்கும். உப்பும் நீரின் உறைநிலையைத் தாழ்த்தும். உப்புக்கும் அம்மோனியாவுக்கும் இதில் இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பொங்குமலை’ என்று ஆசை வருகிறது. ஆனால் அகுனாவின் சேறு கெட்டியானது, பொங்கி வழிந்திருக்காது. ‘பனியுமிழ்மலை’ பொருந்துகிறது. வெளிவரும் ‘கிரையோலாவா’வுக்கு ‘குளிர்குழம்பு’ என்றால் முதல்நாள் வைத்த வத்தக்குழம்புதான் நினைவுக்கு வரும். என் தேர்வு ‘உறைகுழம்பு’. உறைந்த, உறைகின்ற, உறையும் குழம்பு என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. ‘உமிழ்மலை’யும் அப்படியே. எந்தக் குறுங்கோளிலும் இம்மலைகள் உமிழ்வதை இதுவரை யாரும் நேரில் படம்பிடிக்கவில்லை. காலம் காட்டாத சொல் இப்போதைக்கு வசதி.