கேம்ப் போதாது, தங்கிப் படிக்க வேண்டும்

வெள்ளை கோட்டு போட்ட மாணவர்கள் கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கி, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, பிரஷர் பார்த்துவிட்டுப் போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இவங்க யாரு சார், எதுக்கு வர்றாங்க?" என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பயிற்சி டாக்டர்களை மேற்பார்வை பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி என்பதால், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வருகிறவர்களில் ஒரு பகுதி எம்.பி.பி.எஸ். மாணவர்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களை எடுத்துக்கொண்டு, படிக்கும் காலத்தில் திரும்பத் திரும்ப அதே வீடுகளுக்குப் போக வேண்டும். அதற்கு முதல் கட்டப் படிப்பில் 27 மணி நேரம், இரண்டாம் கட்டத்தில் 30, மூன்றாம் கட்டத்தில் 21 என்று ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் தேர்வெல்லாம் முடித்துவிட்டு ஓராண்டு பயிற்சியில் இருப்பவர்கள். நாங்கள் சி.ஆர்.ஆர்.ஐ. என்போம், பழைய ஆட்கள் ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். 2021-இல் வந்த விதிகளின்படி அவர்களுக்குச் சமூக மருத்துவத்தில் 12 வார போஸ்டிங் உண்டு.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு இன்சுலின் குப்பியைப் பற்றிச் சொன்னால் புரியும்.

எங்களிடம் வரும் ஒரு பாட்டிக்கு எத்தனை யூனிட் ஏற்றினாலும் சுகர் இறங்கவில்லை. ஓ.பி.யில் கேட்டால், "காலையில, ராத்திரி ரெண்டு வேளையும் போட்டுக்கிறேன் கண்ணு" என்பார். நோட்டில் டோஸ் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. நீண்ட போஸ்டிங்கில் இருந்த ஒரு பயிற்சி டாக்டர் அந்தத் தெருவுக்கு வாராவாரம் போய்க்கொண்டிருந்தார். முதலில் அவருக்கும் இதே பதில்தான். பழகிய பிறகு ஒருநாள், ஊசி போடுவதைக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

குப்பி 40 யூனிட் வகை. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்குதான், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேரன் மெடிக்கலில் வாங்கி வந்திருந்ததோ ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சு. அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. 40 யூனிட் குப்பியிலிருந்து அவ்வளவு எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். நாங்கள் 20 போகிறது என்று நினைத்துக்கொண்டு டோஸை ஏற்றியிருக்கிறோம். அடுத்த மாதம் யாராவது சரியான சிரிஞ்சை வாங்கிக் கொடுத்திருந்தால், ஏற்றி வைத்த டோஸ் முழுசாக இறங்கி, பாட்டி லோ சுகரில் மயங்கிக் கிடந்திருப்பார்.

அதோடு முடியவில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது, குப்பி பக்கத்து வீட்டில் இருந்தது. "ராத்திரி நேரத்துல போய் கதவைத் தட்டுறது நல்லாவா இருக்கும்?" என்று ராத்திரி ஊசியைப் பல நாள் விட்டுவிடுவாராம். இதை அவர் எந்த ஓ.பி.யிலும் சொல்லியிருக்க மாட்டார். சொன்னால் திட்டுவார்கள் என்ற பயம் வேறு. சிரிஞ்சை மாற்றினோம், டோஸைக் குறைத்துத் தொடங்கினோம், குப்பியை வீட்டிலேயே ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கச் சொன்னோம். புதிதாக ஒரு மருந்துகூட எழுதவில்லை.

இது ஒரு நாள் கேம்ப்பில் தெரிய வராது. தெரிய வருவதற்கு முதலில் அந்த டாக்டர் வீட்டு மனுஷியாக ஆக வேண்டும்.

கால அளவு ஏன் முக்கியம் என்பதற்கு உடம்பே கணக்கு வைத்திருக்கிறது. எச்.பி.ஏ.1சி. என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டுகிறது. அதாவது, இன்று மாற்றி எழுதிய மருந்து வேலை செய்ததா என்று பார்க்கவே ஒரு மாணவர் மூன்று மாதம் அங்கே இருக்க வேண்டும். சாதாரண காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவிலிருந்து பிரசவம் வரை பார்த்து, குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடும் வரை இருக்க வேண்டுமானால் ஒன்றரை வருடம் ஆகும். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் மாணவர் பார்ப்பதெல்லாம் நோயாளியின் ஓரிரு வாரம்தான். டிஸ்சார்ஜ் ஆனவர் வீட்டில் என்ன செய்கிறார் என்பது அவருக்குப் பாடமாகவே வருவதில்லை.

அதே சமயம், ஊரில் போய் உட்கார்ந்தால் படிப்பு கெட்டுவிடும் என்ற பயம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் இதே சந்தேகம் வந்திருக்கும். 1997-இல் அவர்கள் எட்டு மாணவர்களைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்ட் பகுதிக்கு ஒரு முழு வருடம் அனுப்பினார்கள். மெடிசின், சர்ஜரி, பிரசவம், குழந்தை நலம் என்று துறை துறையாகப் பிரிக்காமல், ஊர் டாக்டரோடு இருந்து, வருகிற நோயாளியைக் கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் தொடர்ந்து பார்ப்பதுதான் பாடம். நகரத்தில் படித்தவர்களை விட இவர்கள் தேர்வில் நன்றாகவே செய்தார்கள், அது 2004-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரையாகவும் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1971-லிருந்தே மாணவர்களை மாதக்கணக்கில் ஊர்ப்புறத்துக்கு அனுப்பி வருகிறார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. மகாராஷ்டிராவில் 1969-இல் தொடங்கிய சேவாகிராம் மருத்துவக் கல்லூரியில் ஒவ்வொரு பேட்சும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்கிறது, முதலில் அங்கேயே தங்கி முகாம், அப்புறம் மாதாமாதம் அதே குடும்பங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி வீடு வீடாகப் போகும் பழக்கம் பல காலமாக இருக்கிறது. 1977-இல் மத்திய அரசே மருத்துவக் கல்விச் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, கல்லூரிகளை ஊரோடு இணைக்கப் பார்த்தது. காகிதத்தில் நல்ல திட்டம்தான். தங்குவதற்கு இடம், சொல்லிக் கொடுக்க ஆள், இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எந்தத் திட்டமும் ஓடாது.

இன்றைக்கும் அதே கதைதான். பல இடங்களில் 12 வாரத்தைத் துண்டு துண்டாக நறுக்கி இரண்டு வாரம் இங்கே, இரண்டு வாரம் அங்கே என்று போடுகிறார்கள். பெண் மாணவர்கள் பயமில்லாமல் தங்க குவார்ட்டர்ஸ் இல்லை, இருந்தாலும் பாத்ரூமில் தண்ணீர் இல்லை. மேல்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு தலைக்கு மேல் தொங்குவதால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோச்சிங் ஆப்பைத் திறப்பவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. நூற்றைம்பது ஓ.பி. பார்க்கும் மருத்துவ அலுவலர் எந்த நேரத்தில் பாடம் எடுப்பார்? உண்மையில் என் மாணவர்களுக்கு நிறையச் சொல்லிக் கொடுப்பது எங்கள் கிராம சுகாதார செவிலியர்தான். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், எந்த மாமியார் இருக்கும்போது கருத்தடை பற்றிப் பேசக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கற்றுக்கொடுப்பவர் பட்டியலில் அவர் பெயர் எங்கும் இல்லை, அது எனக்குப் பெரிய குறை.

ஊர்க்காரர்களின் எரிச்சலும் நியாயமானது. எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போன பிறகு காலை பத்தரைக்குப் பஸ் வரும். வீட்டில் இருக்கும் வயசானவரிடம் கழிப்பறை உண்டா, அடுப்பு என்ன அடுப்பு என்று போன தடவை கேட்டதையே புதுப் பையன் கேட்பான். தத்தெடுத்த குடும்பம் என்று பெயர், ஆனால் வருகிற முகம் மாறிக்கொண்டே இருந்தால் அது வெறும் சர்வே. கல்லூரிகள் வேறெதையும் மாற்றாவிட்டாலும், அதே மாணவர் அதே வீடு என்பதையாவது காப்பாற்ற வேண்டும். சாயந்திரம் ஆள் இருக்கும் நேரத்தில் போக வேண்டும்.

ஊரில் இருந்தால் பெரிய மருத்துவம் கற்க முடியாது என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கரைப் பற்றிச் சொல்வேன். மகாராஷ்டிராவில் கொங்கண் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவர். தேள் கொட்டி வந்தவர்களின் பக்கத்திலேயே இரவு பகலாக உட்கார்ந்து கவனித்தார். பிராசோசின் என்ற சாதாரண பிரஷர் மாத்திரை அந்த விஷத்தின் விளைவுகளுக்கு வேலை செய்வதைக் காட்டினார். அது லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில் வந்தது.

சரி, மாணவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்யலாம்? எந்தக் கல்லூரி, யார் மேற்பார்வை என்று தாராளமாகக் கேளுங்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அதற்காக உங்களுக்குச் சிகிச்சை நிற்காது. ஆதார் அட்டையையோ வங்கி விவரத்தையோ கொடுக்க வேண்டாம். பிரஷர், சுகர் பார்த்தால் அந்த எண்ணை உங்கள் நோட்டில் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள், அடுத்த முறை ஓ.பி.க்கு வரும்போது எங்களுக்கு அது உதவும். படிக்கும் மாணவர் தானாக மருந்தை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள், எங்களிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். மாத்திரை டப்பா, இன்சுலின் குப்பி, சிரிஞ்சு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். போடாமல் விட்ட நாட்களையும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டார்கள்.