தொடை வலிமையும் ஓம் விதியும்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீண்ட தூரம் சைக்கிள் மிதிப்பவன் நான். ஜிம்முக்குப் போய் ஸ்குவாட் (தோளில் எடையைச் சுமந்து உட்கார்ந்து எழுவது) போடு என்கிறார் பயிற்சியாளர். உடம்பு கனத்துவிட்டால் மேட்டில் பின்தங்கிவிட மாட்டேனா? அதற்குப் பதிலாகப் பெரிய கியரில் மெதுவாக அழுத்தி மிதித்தால் போதாதா?"

நியாயமான சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். 250 வாட் திறனில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள். திறனைக் கோணத் திசைவேகத்தால் வகுத்தால் திருப்பு விசை சுமார் 26.5 நியூட்டன் மீட்டர். பெடலைத் தாங்கும் தண்டான கிராங்கின் நீளம் 17 செ.மீ. என்றால், பெடலில் சராசரியாக விழும் விசை 156 நியூட்டன். அதாவது 16 கிலோ எடையின் அழுத்தம். பெடல் கீழே இறங்கும் உச்சக் கணத்தில் ஏறத்தாழ இதைப் போல இரு மடங்கு, அவ்வளவுதான். பெரிய கியரில் 50 சுற்றாகக் குறைத்தாலும் சராசரி 29 கிலோவைத் தாண்டாது. படியேறும்போது நம் உடம்பு முழுவதையும் ஒற்றைக் காலில்தான் தூக்குகிறோம். ஆக, 'அழுத்தி' மிதிப்பது என்பது தசையைப் பொறுத்தவரை படியேறுவதைவிடப் பெரிய வேலை இல்லை.

பிறகு எதற்கு 80 கிலோ, 100 கிலோ என்று தோளில் சுமப்பது? விடை தண்டுவடத்தில் இருக்கிறது. எனக்கு உடலியலில் மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

தசை ஒரே துண்டாக வேலை செய்வதில்லை. தண்டுவடத்தில் இருக்கும் ஒவ்வொரு இயக்க நரம்பு செல்லும் தனக்கென ஒரு கூட்டம் தசை இழைகளை வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் அந்தக் கூட்டம் மிகச் சிறியது. கால் தசைகளில் சில செல்களின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கும். செல் துடித்தால் கூட்டம் மொத்தமும் சுருங்கும். பாதி சுருங்குவது கிடையாது. அப்படியானால் மூளை விசையை எப்படிக் கூட்டிக் குறைக்கிறது? கூட்டங்களை ஒவ்வொன்றாக அழைத்தும், அழைத்தவற்றை இன்னும் வேகமாகத் துடிக்கவைத்தும்தான்.

அழைப்பில் ஒரு வரிசை உண்டு. ஹார்வர்டில் எல்வுட் ஹென்னமன் 1957-இலும் 1960-களிலும் பூனைகளிடம் செய்த ஆய்வுகளில் அது தெளிவானது. சிறிய செல்கள் முதலில், பெரியவை கடைசியில். சிறிய செல்லின் கீழ் இருப்பவை மெதுவாகச் சுருங்கி எளிதில் களைக்காத இழைகள். பெரிய செல்லின் கீழ் இருப்பவை விரைவாக, பலமாகச் சுருங்கிச் சீக்கிரம் களைத்துப்போகும் இழைகள். தேவைக்கு மேல் யாரையும் கூப்பிடாத சிக்கனம்.

இந்த வரிசையை எந்த அதிகாரியும் போடவில்லை. ஓம் விதி போடுகிறது! செல் சவ்வில் அயனிகள் கசியும் நுண்துளைகள் உண்டு. ஒவ்வொரு துளையையும் ஒரு மின்தடையாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய செல்லுக்குப் பரப்பு அதிகம், துளைகளும் அதிகம். பக்க இணைப்பில் தடைகள் கூடக் கூட மொத்தத் தடை குறையும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். சிறிய செல்லின் தடை பெரிது, பெரிய செல்லின் தடை சிறிது. மேலிருந்து இருவருக்கும் ஒரே அளவு மின்னோட்டம் வருகிறது. V = IR. சிறிய செல்லில் மின்னழுத்தம் அதிகம் எகிறும். துடிக்கும் எல்லையை அதுவே முதலில் தொடும். மூளை 'இன்னும் கொஞ்சம்' என்று மட்டும் சொன்னால் போதும், யார் முதலில் என்பது தானாக அமைந்துவிடும். முதன்முதலில் இதைப் படித்தபோது அரை மணி நேரம் வேறு எதையும் தொட மனம் வரவில்லை.

இனி சைக்கிளுக்கு வருவோம். 30 கிலோ அழுத்தத்துக்குச் சின்னவர்களும் நடுத்தரமும் போதும். கடைசி வரிசைப் பெரியவர்கள் வருடக்கணக்கில் அரைத் தூக்கத்தில் இருப்பார்கள். மற்றவர்கள் களைத்தபின்தான் அவர்களுக்கு அழைப்பு வரும். உண்மையிலேயே கனமான எடை, ஆறேழு முறைக்கு மேல் தூக்க முடியாத எடை, எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்புகிறது. முதல் சில வாரங்களில் தொடை பருக்காமலே வலிமை கூடுவது இதனால்தான்: நரம்பு கற்றுக்கொள்கிறது. ஒரு பக்கத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் மறுபக்கமும் ஓரளவு வலுப்படும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்க்ரிப்சர் 1894-லேயே காட்டிவிட்டார். வேலை செய்யாத தசை வேறு எப்படி வலுப்பெறும்?

கூடவே மெது இழைகளும் பலம் பெறுகின்றன. முன்பு பத்துக் கூட்டங்கள் தேவைப்பட்ட அழுத்தத்துக்கு இப்போது எட்டே போதும் என்று வையுங்கள். எளிதில் களைப்பவர்களை அழைக்க வேண்டிய நேரம் தள்ளிப்போகிறது. இந்த விளக்கத்துக்குப் பொருந்தும் முடிவுதான் 1988-இல் ராபர்ட் ஹிக்சன் குழுவுக்குக் கிடைத்தது. ஏற்கெனவே தாங்குதிறன் பயிற்சியில் இருந்த 8 பேர் 10 வாரம் எடை தூக்கினார்கள். கால் வலிமை சராசரியாக 30 சதவீதம் உயர்ந்தது. தொடைச் சுற்றளவு மாறவில்லை. உடம்பு பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவும் மாறவில்லை. ஆனால் களைத்து நிறுத்தும்வரை சைக்கிள் மிதித்த நேரம் 71 நிமிடத்திலிருந்து 85 ஆனது. 2011-இல் நார்வேயின் பென்ட் ரன்னஸ்டாட் குழு தேர்ந்த சைக்கிள் வீரர்களை 185 நிமிடம் மிதிக்கவைத்து, அதன் பிறகு 5 நிமிடம் முழு மூச்சில் ஓட்டச் சொன்னது. 12 வாரம் எடை தூக்கியவர்களின் சராசரி 371 வாட்டிலிருந்து 400 ஆக ஏறியது. சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்களிடம் மாற்றமில்லை. களைத்த காலில்தான் வித்தியாசம் தெரிகிறது என்பதைக் கவனியுங்கள்.

உடம்பு கனக்கும் என்ற பயத்துக்கும் ஹிக்சனிடமே பதில் உண்டு. எடை தூக்குவதில் ஆசை கொண்டவர், தன் பேராசிரியரோடு ஓடத் தொடங்கியதும் தசை வற்றுவதைக் கண்டு சோதனையே நடத்தினார். 1980-இல் வெளிவந்த அந்த ஆய்வில், இரண்டு பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு தேங்கி, இறங்கவும் செய்தது, தாங்குதிறனுக்கோ பழுதில்லை. நீண்ட தூரம் மிதிப்பவருக்குத் தசை மலையாக வளர்வது அவ்வளவு சுலபமில்லை.

இந்த ஆய்வுகளில் ஆள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருப்பதும், பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதும் எனக்கு எரிச்சல்தான். புரதப் பொடிக்கு விற்பனையாளர் உண்டு; ஸ்குவாட்டுக்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது. பொதுப் பணம் இங்கேதான் வர வேண்டும் என்பேன்.

வாசகருக்கு: பந்தயமில்லாத மாதங்களில் வாரம் 2 முறை. அரை ஸ்குவாட், ஒற்றைக் கால் லெக் பிரஸ் (எடையைக் காலால் தள்ளுவது) போன்றவை, ஒவ்வொன்றும் 3 செட், 4 முதல் 10 முறை. முதல் சில வாரம் லேசான எடையில் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். முதுகுக்கு அந்த மரியாதை வேண்டும். பந்தயக் காலம் வந்ததும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள், சேர்த்த வலிமை கரைந்துவிடும். வாரம் 1 முறை போதும் அதைக் காப்பாற்ற. ஆனால் பந்தயத்துக்கு முந்தைய நாள் வேண்டாம். ஏனென்று கேட்டால், மறுநாள் காலை படி இறங்கும்போது தொடையே சொல்லும்.