கை நீளம் போதாமல் போகும்போது

மாத்திரை அட்டையின் பின்பக்கம் காலாவதித் தேதியைத் தேடியபோதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. டியூப் லைட்டுக்கு அடியில் நின்று அட்டையை முகத்தருகே கொண்டுவந்தேன், எழுத்து கலங்கியது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தேன். கலக்கம் போனது, ஆனால் அவ்வளவு தூரத்தில் எழுத்து பொடியாகிவிட்டது. வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்ததும் படித்துவிட்டேன். அப்போது எனக்கு வயது 44.

வெள்ளெழுத்து, சாளேஸ்வரம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மராத்தியில் இதற்குப் போடும் கண்ணாடிக்கே ‘சாளிஷி’ என்று பெயர். நாற்பது என்று பொருள்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சின்ன வயதில் நன்றாக நெகிழும். அதைச் சுற்றி வளையம்போல ஒரு தசை, சிலியரி தசை. தசைக்கும் லென்ஸுக்கும் நடுவே நுண்ணிய இழைகள். தூரத்தில் பார்க்கும்போது இழைகள் விறைப்பாக இருந்து லென்ஸைத் தட்டையாக இழுத்து வைத்திருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்கும், இழைகள் தளரும், லென்ஸ் தானாகப் புடைத்துக்கொள்ளும். புடைத்தால் பவர் கூடும். ஆனால் லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது. லென்ஸையே உருவாக்கும் புது இழைகள் அதன் வெளிப்புறத்தில் படிகின்றன, பழையவை உதிர்வதில்லை. உள்ளே நெருக்குண்டு, இறுகி, கடைசியில் தசை சுருங்கினாலும் லென்ஸ் அசையாது. கண் பயிற்சி செய்து இதைத் திருப்ப முடியாததற்குக் காரணம் இதுதான். கோளாறு தசையில் இல்லை.

வெயிலில் மட்டும் எப்படிப் படிக்க முடிந்தது? நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடும். சிறிய துளை வழியாக வரும் ஒளி குறைவாகத்தான் சிதறிப் பரவும், அதனால் கலக்கமும் குறையும்.

சரி, எந்தப் பவர் வாங்குவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எங்கள் தெருவில் தைக்கும் அக்காவுக்கு வயது 51. “அம்பதைத் தாண்டியாச்சுன்னு சொன்னேன், கடைக்காரர் இதை எடுத்துக் கொடுத்தாரு. பேப்பர் நல்லாத்தான் தெரியுது, ஊசிதான் கோக்க முடியல” என்றார். பிளஸ் 1.25. அவர் கழுத்தில் தொங்கிய டேப்பையே எடுத்து, குனிந்து தைக்கும்போது கண்ணுக்கும் மெஷின் ஊசிக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்தோம். 13 அங்குலம், அதாவது 33 சென்டிமீட்டர்.

கணக்கு எளிது. ஒரு மீட்டரை அந்தத் தூரத்தால் வகுத்தால் தேவையான பவர், டயாப்டர் என்ற அலகில் வரும். 33 சென்டிமீட்டருக்கு 3. பேப்பர் பிடிக்கும் 40 சென்டிமீட்டருக்கு 2.5. கணினித் திரை 60 சென்டிமீட்டரில் இருந்தால் 1.7க்குச் சற்றுக் குறைவு. இதில் கண் தானே தரக்கூடியது எவ்வளவு? பத்து வயதில் 12க்கு மேல், நாற்பதில் 5 அளவுக்கு, ஐம்பதில் ஏறத்தாழ 2.5, அறுபதுக்கு மேல் அனேகமாக ஒன்றுமில்லை. இருப்பதையும் முழுக்கச் செலவழித்தால் கண் களைத்துவிடும் என்பதால் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அக்காவிடம் இருக்கும் பாதி 1.25. பேப்பருக்கு மீதி 1.25 போதும், ஊசிக்கு 1.75 வேண்டும். அதே வயதில் திரையைப் பார்த்துக் கணக்கு எழுதுபவருக்கு 0.50 போதும். அக்காவின் 1.75 கண்ணாடியை அவர் போட்டால் 57 சென்டிமீட்டரைத் தாண்டியதெல்லாம் மங்கிவிடும்.

அதனால் கடைக்கோ பரிசோதனைக்கோ போகும் முன் உங்கள் வேலைத் தூரத்தை அளந்துகொண்டு போங்கள். வயதைவிட அதுதான் முக்கியம். இரண்டு பவரிலும் தெளிவாகத் தெரிந்தால் குறைந்ததை எடுங்கள். பார்வைக்குக் கூடுதல் இடம் கிடைக்கும்.

“போட்டுப் பழகினால் பவர் ஏறிக்கொண்டே போகும்” என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பவர் ஏறுவது உண்மை, ஆனால் கண்ணாடி போடாவிட்டாலும் லென்ஸ் அதே வேகத்தில்தான் இறுகும். பேப்பர் படிக்கும் கண்ணாடி அறுபதையொட்டி 2.50 பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இழக்க எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் பயத்தால் கண்ணாடி இல்லாமலே காலம் தள்ளுபவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய சுமார் 750 தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மற்றவர்களுக்குப் பிறகு. முதல் குழுவினர் ஒரு நாளில் பறித்த இலை ஏறத்தாழ 39 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 18 சதவீதம்தான். பறிக்கும் எடைக்கேற்பக் கூலி பெறுபவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது!

ரெடிமேட் கண்ணாடி கெட்டது இல்லை. இரண்டு கண்ணிலும் ஒரே பவர்தான் வரும், கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாதவர்களுக்குத் தேவையான சிலிண்டர் பவர் இருக்காது, லென்ஸின் மையம் உங்கள் கண்மணிக்கு நேராக அமையாமலும் போகலாம். இரு கண்ணும் ஏறத்தாழச் சமமாக இருப்பவர்களுக்கு அது போதும். போட்டு அரை மணியில் தலை வலித்தால் அது உங்களுக்கானது இல்லை. ஏற்கெனவே மைனஸ் பவர் போடுபவர்கள், அதுவும் 2 அல்லது 3 அளவில் இருப்பவர்கள், படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றினாலே போதும். சர்க்கரை உள்ளவர்கள் அளவு சீரான பிறகு பரிசோதனைக்குப் போவது நல்லது; சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் மாறும். நாற்பதுக்கு மேல் கண் அழுத்தத்தையும் சேர்த்தே பார்த்துவிட வேண்டும், அது கூடினால் வரக்கூடிய கிளாக்கோமா பெரும்பாலும் வலிக்காமல் பார்வையைத் தின்னும் நோய்.

இன்னொன்று. அறுபது, எழுபது வயதில் பாட்டி திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கத் தொடங்கினால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அது பெரும்பாலும் கண்புரையின் தொடக்கம். லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகி மைனஸ் பவர் ஏறுவதால், கிட்டத்தில் தெளிந்து தூரத்தில் மங்கும். எதிர்வீட்டு வாசலில் நிற்பவர் யார் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.